ஒரே ஸ்லைடு, இரண்டு ரிப்போர்ட்: பயாப்சி முடிவில் மருத்துவர்கள் ஏன் வேறுபடுகிறார்கள்?

இரைப்பையிலிருந்தோ குடலிலிருந்தோ எடுத்த ஒரே சதைத் துணுக்கை இரண்டு நோயியல் மருத்துவர்கள் பார்த்து இரண்டு விதமாக எழுதுவது உண்டு. ஒருவர் ‘லோ கிரேடு டிஸ்பிளேசியா’ என்று எழுதுவார். இன்னொருவர் ‘அழற்சியால் வந்த மாற்றம்தான், டிஸ்பிளேசியா இல்லை’ என்பார். இரண்டு ரிப்போர்ட்டையும் கையில் வைத்திருக்கும் குடும்பத்துக்குத் தலை சுற்றும். இருவரில் ஒருவர் ஏனோதானோவென்று பார்த்துவிட்டார் என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அது உண்மையில்லை. மதுரையில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து வேலை செய்கிறவன் என்ற முறையில், இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, எந்த வார்த்தைகளில் அதிகம், எந்த வார்த்தைகளில் குறைவு என்பதை விளக்க விரும்புகிறேன். மருத்துவம் படிக்காதவர்களுக்கும் இது விளங்க வேண்டும் என்பது என் ஆசை. ஏனென்றால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

முதலில் டிஸ்பிளேசியா என்பது என்ன? உணவுக்குழாய் முதல் மலக்குடல் வரை உட்புறம் முழுவதும் ஒரு செல் படலம் போர்த்தியிருக்கிறது. குடலில் இந்தப் படலம் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. பழைய செல்கள் உதிர, புதியவை அடியிலிருந்து மேலே வருகின்றன. நீண்ட காலப் புண், அமிலம், கிருமி, அழற்சி என்று ஏதோ ஒரு காரணத்தால் சில செல்களின் மரபணுக்களில் பிழைகள் சேர்ந்து, அவை ஒழுங்கு தவறி வளரத் தொடங்கும். ஆனால் தாங்கள் இருக்கும் அடுக்கைத் தாண்டி இன்னும் உள்ளே ஊடுருவியிருக்காது. இந்த நிலைதான் டிஸ்பிளேசியா. இது புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறக்கூடிய வழியில் உள்ள ஒரு நிலை. எல்லாமே கடைசி வரை போவதும் இல்லை. சில அப்படியே நின்றுவிடும், சில அடுத்த பயாப்சியில் காணாமலே போகும்.

எண்டோஸ்கோப்பியில் எடுத்த துணுக்கு, அரிசிக் குருணை அளவுகூட இருக்காது. அதை ஃபார்மலினில் போட்டு அனுப்புவார்கள். லேபில் அதை மெழுகில் பதித்து ‘பிளாக்’ ஆக்கி, சுமார் 4 மைக்ரான் தடிமனில் சீவுவோம். ஒரு மில்லிமீட்டரை 250 கூறாகப் போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவு மெல்லியது. அதைக் கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றினால், செல்லின் உட்கரு நீல ஊதா நிறத்திலும் மற்ற பகுதி இளஞ்சிவப்பிலும் தெரியும். அதுதான் ஸ்லைடு.

அதில் நான் எதைத் தேடுகிறேன் என்பதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. பெருங்குடலை எடுத்துக்கொள்வோம். அதன் உட்சுவரில் வரிசையாகச் சிறு குழிகள் இருக்கும். செல்கள் குழியின் அடியில் பிறந்து, சுவரைப் பிடித்தபடி மேலே ஏறி வரும். அடியில் இருக்கும்போது உட்கரு பெரிதாக, கருத்து, நெருக்கமாக இருக்கும். மேலே வர வர அது சிறுத்து, வெளுத்து, செல்லின் அடிப்பக்கத்தில் ஒரே வரிசையில் அமர்ந்துவிடும். இதை முதிர்ச்சி என்கிறோம். ஸ்லைடை நகர்த்தும்போது என் கண் முதலில் போவது குழியின் மேல்வாய்க்குத்தான். அங்கே செல்கள் அடங்கி அமைதியாக இருந்தால், அடியில் கொஞ்சம் கருப்பாகத் தெரிந்தாலும் அதிகம் கவலைப்படுவதில்லை. அடியில் இருந்த அந்தக் கருமையும் நெருக்கமும் மேல்வாய் வரை அப்படியே வந்திருந்தால் டிஸ்பிளேசியா என்ற எண்ணம் எழுகிறது. உட்கருக்கள் நீண்டு ஒடுங்கி, ஒன்றையொன்று நெருக்கினாலும் இன்னும் ஒரே திசையில் நிற்கின்றன என்றால் லோ கிரேடு. வரிசை குலைந்து, உருண்டு, ஒன்று மேலே ஒன்று கீழே என்று தாறுமாறாக நின்று, குழிகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடந்தால் ஹை கிரேடு.

படித்தால் தெளிவாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் இன்னொன்று குறுக்கே வருகிறது. காயம் ஆறும் இடத்திலும் செல்கள் அவசர அவசரமாகப் பெருகும். அங்கேயும் உட்கரு பெரிதாகும், கருக்கும், நெருங்கும். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கும் இரைப்பையிலும், மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கிய மாத்திரைகளால் உறுத்தப்பட்ட இரைப்பையிலும், பெருங்குடலில் நீண்ட காலம் புண்ணும் அழற்சியும் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கொலைடிஸ் நோய் கொதித்துக்கொண்டிருக்கும் பெருங்குடலிலும் நான் பார்ப்பது பல நேரங்களில் இதுதான். ஆறும் புண்ணும், வழி தவறத் தொடங்கிய செல்லும் ஒரு கட்டத்தில் கிட்டத்தட்ட ஒரே முகத்தைக் காட்டும். போதாக்குறைக்கு, குருணை அளவுத் துணுக்கு மெழுகில் சாய்ந்து பதிந்துவிட்டால் குழிகள் குறுக்காக வெட்டுப்படும். மேல்வாயே ஸ்லைடில் இருக்காது. முதிர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடமே கையில் இல்லாமல் முடிவு சொல்ல வேண்டியிருக்கும்.

இதற்காகவே ஓர் இடைநிலைப் பெயர் உண்டு. 1983-இல் ரிடெல் தலைமையிலான குழு, அழற்சிக் குடல் நோய்க்கு ஒரு பகுப்பை வெளியிட்டது. டிஸ்பிளேசியா இல்லை, உறுதியாகச் சொல்ல முடியவில்லை, லோ கிரேடு, ஹை கிரேடு என்று அது போகும். ‘உறுதியாகச் சொல்ல முடியவில்லை’ என்பதைத்தான் ரிப்போர்ட்டில் ‘இண்டெஃபினிட் ஃபார் டிஸ்பிளேசியா’ என்று எழுதுகிறோம். இதைப் படிக்கும் பலர், டாக்டருக்குத் தெரியவில்லை, அதனால் மழுப்புகிறார் என்று நினைக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை நோயியலில் இதைவிட நேர்மையான வார்த்தை குறைவு. இந்தத் துணுக்கு இதற்கு மேல் சொல்லாது என்பதை அது ஒளிக்காமல் சொல்கிறது.

சோழவந்தான் பக்கம் வயலில் நிற்கும் நெற்கதிரை அனுபவமுள்ள இரண்டு விவசாயிகளிடம் காட்டுங்கள். பச்சைக் கதிரைப் பார்த்து இருவரும் பச்சை என்பார்கள். பழுத்துத் தலை சாய்ந்ததைப் பார்த்து இருவரும் அறுக்கலாம் என்பார்கள். நடுவில் இருக்கும் கதிரைக் காட்டினால் ஒருவர் ‘இன்றே அறுக்கலாம்’ என்பார், மற்றவர் ‘ஐந்து நாள் போகட்டும்’ என்பார். இருவருக்கும் நெல் தெரியும். ஆனால் பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவே இயற்கை எந்தக் கோட்டையும் போட்டு வைக்கவில்லை. டிஸ்பிளேசியாவும் அப்படித்தான் தொடர்ச்சியாக நகர்கிறது. நான்கு பெட்டிகளாகப் பிரித்தவர்கள் நாங்கள்.

இனி எண்களுக்கு வருவோம். இரண்டு மருத்துவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதை வெறும் சதவீதத்தில் சொன்னால் ஏமாந்துவிடுவோம். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இருவரிடமும் அதே 100 ஸ்லைடுகளைத் தருகிறோம். இருவருமே 90-ஐ ‘இல்லை’ என்றும் 10-ஐ ‘டிஸ்பிளேசியா’ என்றும் பிரிக்கிறார்கள். ஒப்பிட்டால் 88 ஸ்லைடுகளில் ஒரே விடை. 88 விழுக்காடு, பிரமாதம் என்று தோன்றும். ஆனால் ஸ்லைடையே பார்க்காமல், பத்துக்கு ஒன்றை ‘டிஸ்பிளேசியா’ என்று இருவரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தால்கூட, தற்செயலாகவே சுமார் 82 ஒத்துப்போயிருக்கும். இருவரும் ‘இல்லை’ என்று சொல்ல வாய்ப்பு 0.9 பெருக்கல் 0.9, அதாவது 81 ஸ்லைடு. இருவரும் ‘உண்டு’ என்று சொல்ல வாய்ப்பு 0.1 பெருக்கல் 0.1, அதாவது 1 ஸ்லைடு. ஆகத் திறமையைக் காட்ட மீதமிருந்த இடம் 18 மட்டுமே. அதில் அவர்கள் எட்டியது 6. ஆறைப் பதினெட்டால் வகுத்தால் 0.33. இந்த எண்ணுக்குத்தான் ‘கப்பா’ என்று பெயர். 1960-இல் ஜேக்கப் கோஹன் என்ற உளவியலாளர் வகுத்த முறை இது. கப்பா 1 என்றால் முழு ஒற்றுமை, 0 என்றால் தற்செயல் தருவதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அதே கணக்கை நோயாளியின் பக்கத்திலிருந்து பாருங்கள். முதல் மருத்துவர் சொன்ன 10 டிஸ்பிளேசியாவில் இரண்டாமவரும் ஆமோதித்தது 4 மட்டுமே. மொத்தம் 16 பேருக்கு யாரோ ஒருவர் ‘டிஸ்பிளேசியா’ என்று எழுதியிருக்கிறார். இருவரும் சேர்ந்து எழுதியது 4 பேருக்கு. 88 விழுக்காடு என்ற அழகான எண்ணுக்குப் பின்னால் 12 குடும்பங்களின் குழப்பம் மறைந்திருக்கிறது. கப்பா அதை வெளியே கொண்டுவருகிறது.

இந்த அளவுகோலை வைத்து அதிகம் ஆராயப்பட்டது பேரட் உணவுக்குழாய். அமிலம் மேலேறி மேலேறி, உணவுக்குழாயின் கீழ்ப்பகுதிப் படலம் குடலின் படலத்தைப் போல மாறிவிடும் நிலை அது. மேலை நாடுகளில் பெரிய பிரச்சினை என்பதால் ஆய்வுகளும் அங்கேதான் குவிந்தன. 2001-இல் மாண்ட்கோமரியும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், உணவுப் பாதை நோய்களில் தேர்ந்த 12 நோயியல் மருத்துவர்கள் 125 ஸ்லைடுகளைத் தனித்தனியே இரண்டு முறை பார்த்தார்கள். பிறகு கூடி உட்கார்ந்து, அந்த ஸ்லைடுகளை வைத்தே பேசி, அடையாளங்களை வரையறுத்துக்கொண்டார்கள். அதன்பின் வேறு 125 ஸ்லைடுகளை மறுபடியும் இரண்டு முறை பார்த்தார்கள். ஹை கிரேடு அல்லது புற்றுநோய் என்பதில் கப்பா 0.65. மாற்றமே இல்லாத பேரட் என்பதில் 0.58. லோ கிரேடில் 0.32. ‘உறுதியாகச் சொல்ல முடியவில்லை’ என்பதில் 0.15.

ஒரே துறையில் ஊறிய பன்னிரண்டு பேரின் கதை இது. இரண்டு ஓரங்களிலும் பிடி உறுதி, நடுவில் வழுக்கல். கூடிப் பேசிய பிறகாவது சரியானதா என்றால், லோ கிரேடையும் இண்டெஃபினிட்டையும் பிரித்துப் பார்க்கும் கணக்கில் மருத்துவர்களுக்கு இடையிலான ஒற்றுமை 0.43-இலேயே நின்றது. தன் முடிவோடு தானே ஒத்துப்போவது அதைவிட நன்றாக இருந்தது: முன்பு 0.60, பின்பு 0.65. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. ஒவ்வொருவரும் தன் மனதில் ஒரு கோட்டைப் போட்டு வைத்திருக்கிறார், அதை ஓரளவு மாறாமல் பின்பற்றுகிறார். ஆனால் அந்தக் கோடு பக்கத்து நாற்காலிக்காரரின் கோட்டோடு பொருந்துவதில்லை.

கோடுகள் எவ்வளவு தள்ளிப் போக முடியும் என்பதற்கு ஜப்பான் நல்ல சான்று. 1997-இல் ஷ்லெம்பரும் சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஜப்பானிய, மேலை நாட்டு நோயியல் மருத்துவர்கள் 8 பேர் ஒரே இரைப்பைத் துணுக்குகளைப் பார்த்தார்கள். மேலை நாட்டவர் டிஸ்பிளேசியா என்று எழுதிய பலவற்றை ஜப்பானியர் புற்றுநோய் என்றே எழுதினார்கள். காரணம் எளிது. அடுக்கைத் தாண்டி ஊடுருவியிருந்தால்தான் புற்றுநோய் என்பது மேலை நாட்டு வழக்கம். உட்கருவும் குழிகளின் அமைப்பும் போதுமான அளவு கெட்டிருந்தாலே புற்றுநோய் என்பது ஜப்பானிய வழக்கம். இதைச் சரிசெய்ய 12 நாடுகளைச் சேர்ந்த 31 நோயியல் மருத்துவர்கள் சேர்ந்து வியன்னா பகுப்பை உருவாக்கினார்கள். அது 2000-இல் வெளிவந்தது. சிகிச்சை ஒன்றாக இருக்கும் நிலைகளை அது ஒரே பெட்டியில் வைத்தது. இரைப்பைத் துணுக்குகளில் இரு தரப்பின் ஒற்றுமை 37 விழுக்காட்டிலிருந்து 71 விழுக்காடாக உயர்ந்தது. கண்கள் அதேதான், பெட்டிகள்தான் மாறின. பெருங்குடல் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சிகளான பாலிப்புகளிலும் இதே பாதைதான்: முன்பு லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று மூன்றாகப் பிரித்தோம்; இப்போது லோ, ஹை என்று இரண்டே. பெட்டிகள் குறைந்தால் சண்டையும் குறைகிறது.

ஆனால் ‘எல்லாமே ஆளுக்கு ஆள் மாறும் கருத்துத்தான், எதையும் நம்ப வேண்டியதில்லை’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதை மறுக்கும் ஆய்வு நெதர்லாந்திலிருந்து 2010-இல் வந்தது. பல்கலைக்கழகம் சாராத மருத்துவமனைகளில் பேரட் உணவுக்குழாயில் லோ கிரேடு என்று எழுதப்பட்ட 147 பேரின் ஸ்லைடுகளைத் தேர்ந்த நோயியல் மருத்துவர்கள் மறுபடி பார்த்தார்கள். 85 விழுக்காட்டினருக்கு அந்த வார்த்தை கீழே இறக்கப்பட்டது: டிஸ்பிளேசியா இல்லை, அல்லது உறுதியில்லை. உறுதி செய்யப்பட்டவர்கள் 15 விழுக்காடு மட்டுமே. பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் முக்கியம். டிஸ்பிளேசியா இல்லை என்று இறக்கப்பட்டவர்களில் ஹை கிரேடு அல்லது புற்றுநோய்க்கு முன்னேறியவர்கள் ஆண்டுக்கு 0.49 விழுக்காடு. உறுதி செய்யப்பட்டவர்களில் ஆண்டுக்கு 13.4 விழுக்காடு. ஒரே வார்த்தை எழுதிய ரிப்போர்ட்டோடு வந்தவர்கள் இவர்கள் எல்லோரும். இரண்டாவது ஜோடிக் கண்கள் பார்த்ததும் இரு கூட்டமாகப் பிரிந்தார்கள், அந்தப் பிரிவு அவர்களுடைய எதிர்காலத்தோடு பொருந்தியது. ஆகவே லோ கிரேடு என்பது வெற்றுச் சொல் அல்ல. ஒருவர் மட்டும் சொல்லும்போது அதன் எடை குறைவு, இருவர் சொல்லும்போது மிக அதிகம். பேரட்டில் டிஸ்பிளேசியா என்றால் இன்னொரு நிபுணரும் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்று அமெரிக்க, பிரிட்டிஷ் வழிகாட்டுதல்கள் கேட்பது இதனால்தான்.

நம் பக்கத்தில் பேரட் அவ்வளவாக வருவதில்லை. இரைப்பைத் துணுக்கு, பெருங்குடல் பாலிப், கொலைடிஸ் இவைதான் அதிகம். நடுவில் வழுக்கும் அதே சிக்கல் இங்கும் உண்டு. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு இளைஞர் தன் தாயாரின் இரைப்பை ரிப்போர்ட் இரண்டையும் துணிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். ஒன்றில் லோ கிரேடு, மற்றதில் இண்டெஃபினிட். “ஒரே சதைதானே ஐயா? ஒருவர் இருக்கிறது என்கிறார், ஒருவர் தெரியவில்லை என்கிறார். நாங்கள் யாரை நம்புவது?” என்றார். கேட்டதில் கோபம் இருந்தது, கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. நான் ஸ்லைடை வாங்கிப் பார்த்தேன். உட்கருக்கள் பெரிதாகத்தான் இருந்தன. கூடவே கிருமியும், சீழ் செல்களும் நிறைய. “தம்பி, அம்மா வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார்களா?” என்று கேட்டேன். முழங்கால் வலிக்கு ஒரு வருடமாகச் சாப்பிடுகிறார்களாம். பயாப்சியோடு வந்த படிவத்தில் அந்தத் தகவலே இல்லை. ‘இரைப்பைத் துணுக்கு’ என்று மட்டும்தான் எழுதியிருந்தது.

இருவர் எழுதியதும் அந்த ஸ்லைடில் எழுதத் தகுந்ததே என்றேன். கிருமிக்கு மருந்து முடித்து, அந்த மாத்திரையை அவருடைய மருத்துவரிடம் கேட்டு மாற்றி, புண் அடங்கிய பிறகு அதே இடத்தில் மறுபடி துணுக்கு எடுக்கச் சொல்லுங்கள் என்று குடல் மருத்துவருக்கு ஒரு கடிதமும் எழுதிக்கொடுத்தேன். அழற்சி அடங்கினால், அதனால் வந்த மாற்றமும் பெரும்பாலும் அடங்கும். டிஸ்பிளேசியா என்றால் அது பெரும்பாலும் அங்கேயே இருக்கும், முன்பைவிடத் தெளிவாகவும் தெரியும். அவசரப்பட்டு வெட்டுவதற்கும் அலட்சியமாக விடுவதற்கும் நடுவே இப்படி ஒரு வழி உண்டு என்று அவருக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

தவறவிடுவதைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறோம், நியாயம்தான். இல்லாததை இருக்கிறது என்று சொல்வதும் சிறிய தீங்கு அல்ல. அடிக்கடி எண்டோஸ்கோப்பி, அதற்கான செலவு, வேலை இழப்பு, இரவில் தூங்காத குடும்பம். கொலைடிஸில் டிஸ்பிளேசியா என்ற சொல் பெருங்குடலையே எடுத்துவிடும் பேச்சு வரை கொண்டுபோகக்கூடியது. அத்தனை பெரிய முடிவு ஒற்றைக் கண்ணின் மேல் நிற்கக் கூடாது.

எனவே ரிப்போர்ட்டில் லோ கிரேடு, ஹை கிரேடு, இண்டெஃபினிட் என்று எது இருந்தாலும், சிகிச்சை தொடங்கும் முன் இன்னொரு நோயியல் மருத்துவர் பார்த்தாரா என்று கேளுங்கள். உணவுப் பாதை நோய்களை அதிகம் பார்ப்பவராக இருந்தால் நல்லது. இதற்காக மறுபடி குழாய் விட வேண்டியதில்லை. ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் லேபில் இருக்கும், எழுதிக்கொடுத்து வாங்கலாம். முதலில் பார்த்தவர் வருத்தப்படுவாரோ என்று தயங்காதீர்கள். நாங்களே சந்தேகம் வந்தால் ஸ்லைடை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போகிறவர்கள்தான். மதுரை அரசு பெரியாஸ்பத்திரி போன்ற கற்பிக்கும் இடங்களில் பல கண்கள் சேர்ந்து ஒரு ஸ்லைடைப் பார்ப்பதற்கென்றே பல முனை நுண்ணோக்கிகள் உண்டு. தேவைப்பட்டால் அதே பிளாக்கிலிருந்து இன்னும் சில சீவல் எடுத்து பி53 என்ற புரதத்துக்கான சாயம் ஏற்றிப் பார்ப்போம். அது தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. இரு பக்கமும் ஊசலாடும் ஸ்லைடில் ஒரு பக்கம் சாய்வதற்கு உதவும்.

எடுத்துப் போகும்போது ஸ்லைடு மட்டும் போதாது, பிளாக்கும் வேண்டும். எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட், அதில் உள்ள படங்கள், சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, முந்தைய பயாப்சி ரிப்போர்ட் இருந்தால் அதுவும் வேண்டும். பாலிப்பா, தட்டையான இடமா, புண்ணின் ஓரமா என்பதைப் படம் சொல்லும், ஸ்லைடு சொல்லாது. கண்ணாடி உடையாமல் அட்டைப் பெட்டியில் வையுங்கள். பிளாக்கைச் சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும். இரண்டாவது கருத்து வந்ததும் அதை முதல் ரிப்போர்ட்டோடு சேர்த்து, எண்டோஸ்கோப்பி செய்த மருத்துவரிடமே கொண்டுபோய்க் கொடுங்கள். குடலுக்குள் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.